சோற்றைச் சூடாக்கினால் போதும் என்று நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் கொண்டாட்டம் என்றால் பின்னேரம் அந்த ஒழுங்கையில் உள்ள வீடுகளுக்கெல்லாம் சட்டி போகும். ஒரு சட்டியில் சோறு, பேணிகளில் நாலைந்து கறி, ஒரு பையில் பொரித்த அப்பளமும் மோர்மிளகாயும். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் அதற்கு வேறு பொருள் எடுப்பார்கள். அப்படி வந்த ஒரு சட்டிச் சோறு எங்கள் வீட்டில் செய்த வேலையைத்தான் எழுதப் போகிறேன். அதில் போன காசு ஐம்பதாயிரம் ரூபாவுக்கு மேல். காசை விடுங்கள், உழைத்துக்கொள்ளலாம். அம்மாவை மடியில் சாய்த்துக்கொண்டு கிடந்த அந்த இரவை எந்தக் கணக்கில் எழுதுவது? வாந்தி, வயிற்றோட்டம் என்றால் நாங்கள் மீனைச் சந்தேகிப்போம், இறைச்சியைச் சந்தேகிப்போம், கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகிப்போம். சோற்றை யாரும் சந்தேகிப்பதில்லை. அதிலும் ஆவி பறக்கச் சூடாக்கிச் சாப்பிட்ட சோற்றை ஒருவரும் சந்தேகிப்பதில்லை.

நாங்கள் இருப்பது கோண்டாவில் பக்கம். நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மாவுக்கு எழுபது கடந்துவிட்டது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உண்டு. தம்பி கனடாவில். நான் வீட்டிலிருந்தே தைக்கிறேன். கலியாண வீட்டுச் சாறிச் சட்டைகள்தான் எனக்குச் சோறு போடுகிற வேலை. அன்று எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு குடிபூரல். வைகாசி மாதம், நல்ல நாள் என்பதால் ஊரில் எல்லா இடமும் விசேஷம். தையல் வேலை தலைக்குமேல் கிடந்ததால் நான் காலையில் போய்த் தலையைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். நாலு மணிபோல அந்த வீட்டு அக்காவின் மகள் சட்டியுடன் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். சட்டியின் அடியில் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடாக இருந்தது. "ரெஜிபோம் பெட்டியில் வைத்திருந்தோம் அன்ரி, அதனால் இன்னும் சூடு போகவில்லை" என்றாள் பிள்ளை, பெருமையாக. சூட்டை வெளியே விடாத தடித்த நுரைப் பெட்டி அது. இந்த இளஞ்சூட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களை விழுத்தியது அதுதான்.

இரவு ஏழரைக்கு அந்தச் சோற்றைத் தாச்சியில் போட்டேன். கடுகு, செத்தல் மிளகாய், நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை எல்லாம் தாளித்து, சோற்றைக் கொட்டி, அடி பிடிக்கிற அளவுக்கு நன்றாகக் கிளறினேன். வாயில் வைக்க முடியாத சூடு. வாசம் நன்றாக இருந்தது, ருசியும் நன்றாக இருந்தது. சோறு நூல் விடவில்லை, புளிக்கவில்லை, பிசுபிசுக்கவில்லை. அம்மா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பத்து மணி ஆகவில்லை, "நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது பிள்ளை" என்றார். வியர்த்துக் கொட்டியது. எனக்குக் கை கால் நடுங்கத் தொடங்கிவிட்டது, ஏனென்றால் நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு இப்படித்தான் குமட்டலும் வியர்வையுமாக வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். பிறகு வாந்தி தொடங்கியது. ஒருமுறை எடுத்து ஓய்ந்துவிடுகிற வாந்தி இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் குடலைப் பிடுங்கிக்கொண்டு வருகிற வாந்தி. அவருக்கு வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்கே சிறிது நேரத்தில் தொடங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. தலையிடி இல்லை. வாந்தி மட்டும்.

ஒரு வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தால் யார் யாரைப் பார்ப்பது? தம்பிக்கு அழைத்தேன். அங்கே பகல், வேலையில் இருந்தான். பதறிப்போய் ஏதேதோ கேட்டான், கடைசியில் படலையைப் பூட்டிவிட்டேனா என்று கேட்டான். கோபத்திலும் சிரிப்பு வந்தது. பக்கத்து வீடுகளைக் கூப்பிட எனக்கு மனம் வரவில்லை. சோறு தந்த வீட்டில் அப்போதும் பாட்டுப் போட்டு உறவினர்கள் கூடியிருந்தார்கள். அங்கே போய், உங்கள் வீட்டுச் சாப்பாடு எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று எந்த வாயால் சொல்வது? இந்தக் கூச்சம்தான் பல வீடுகளில் ஆட்களை ஆபத்தில் தள்ளுகிறது என்று இப்போது நினைக்கிறேன். கூப்பிடுங்கள். எதனால் வந்தது என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தெரிந்த ஓட்டோக்காரர் வந்து, நள்ளிரவு தாண்டி ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். நெஞ்சு என்று சொன்னதால் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள், வாந்திக்கு ஊசி போட்டார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, "ஏதோ சாப்பாட்டுக் கோளாறு" என்றார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு நான் கறிகளை ஒவ்வொன்றாக ஒப்புவித்தேன்: கத்தரிக்காய், பூசணிக்காய், உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, பாயசம். பாயசமாக இருக்கலாம் என்றார்கள். சோறு என்ற சொல் என் வாயிலும் வரவில்லை, அவர்கள் வாயிலும் வரவில்லை. இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபா கட்டி, ஓட்டோவுக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்து, விடியற்காலையில் வீட்டுக்கு வந்தோம்.

அடுத்து நடந்ததை முதியவர்கள் உள்ள வீட்டார் கவனமாகப் படிக்க வேண்டும். அம்மா வழமைபோலக் காலையில் தன் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார். சீனியைக் குறைக்கிற மாத்திரையும் அதில் இருந்தது. மாத்திரைகளைப் பற்றி மருத்துவமனையில் எங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. வயிற்றில் ஒரு பருக்கை இல்லை. குடித்த தேநீரும் வெளியே வந்துவிட்டது. ஆனால் மாத்திரை தன் வேலையைச் செய்தது. பத்து மணியளவில் அம்மா கதைப்பது குழறியது. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். கை குளிர்ந்து ஈரமாக இருந்தது. இந்த முறை 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தேன். அது அரசாங்கத்தின் இலவச அம்புலன்ஸ் சேவை. தமிழில் பேசினார்கள், வீட்டு அடையாளம் கேட்டார்கள், அதிக நேரம் காக்க வைக்காமல் வந்தும் விட்டார்கள். வந்தவுடன் விரலில் குத்திச் சீனியைப் பார்த்தார்கள். மிகவும் குறைந்திருந்தது. அங்கேயே மருந்து ஏற்றி, அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு சதம் கேட்கவில்லை. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர் வாந்தியால் சாப்பிட முடியாமல் கிடந்தால், அன்றைய மாத்திரையைப் போடுவதா, நிறுத்துவதா, குறைப்பதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நீங்களாக முடிவெடுக்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து வெளியே வரும்போது அவர்கள் சொல்ல மறந்தாலும் நீங்கள் மறக்காமல் கேளுங்கள். இன்சுலின் போடுபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

வாட்டில் இருந்த இளம் பெண் மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வாந்தி தொடங்கியது என்று கேட்டார். இரண்டு, இரண்டரை மணித்தியாலம் என்றேன். காய்ச்சல் இருந்ததா என்றார். இல்லை. இருவருக்குமா என்றார். ஆம். பேனையை மேசையில் வைத்துவிட்டு, "அம்மா, அந்தச் சோறு எத்தனை மணிக்கு வடித்தது?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பின்னேரம் தந்தார்கள், சூடாகத்தான் இருந்தது என்றேன். "தந்த நேரத்தைக் கேட்கவில்லை. வடித்த நேரம்?" என்றார் மறுபடியும்.

பிறகு விசாரித்ததில் தெரிந்தது: சமையல்காரர்களுக்கு அன்று இன்னோர் இடத்திலும் வேலை இருந்திருக்கிறது. அதனால் காலை ஒன்பது மணிக்கே கிடாரத்தில் சோற்றை வடித்து, ரெஜிபோம் பெட்டிகளில் நிரப்பி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். பந்தி முடியும்வரை பெட்டிகளைத் திறந்து திறந்து அள்ளியிருக்கிறார்கள். நான் தாச்சியில் போட்டபோது அந்தச் சோற்றுக்கு வயது பத்தரை மணித்தியாலம். அதில் பாதிக்கும் மேற்பட்ட நேரம் அது சூடும் இல்லாமல் குளிரும் இல்லாமல் இருந்திருக்கிறது.

மருத்துவர் சொன்னதையும் நான் பிறகு தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பக்டீரியா. மண்ணில் வாழ்வது. வயலில் இருந்து நெல்லோடு வந்து அரிசியிலும் இருக்கும். அரிசியை எத்தனை தண்ணீரில் களைந்தாலும் முழுதாகப் போகாது. இது தனக்கு ஒவ்வாத சூழல் வந்தால் தடித்த கோதுக்குள் சுருண்டு வித்தியாகிவிடும். அந்த வித்தி, சோறு கொதிக்கிற கொதியில் சாவதில்லை. சோறு வெந்து, சூடு தணியத் தொடங்கியதும் வித்தி முளைத்துப் பெருகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 5 பாகை செல்சியஸுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூடுதான் உணவில் கிருமிகளுக்கு வாய்ப்பான வெளி. அதில் 30 பாகையை ஒட்டிய சூடு இந்தக் கிருமிக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் ஊர்க் குசினிகளின் சூடே அதுதானே. வளருகிறபோது இதன் சில வகைகள் சோற்றில் செரூலைட் என்ற நஞ்சை விடுகின்றன. வாந்தியைக் கொண்டுவருவது அதுதான். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் இருந்து ஆறு மணித்தியாலத்துக்குள் தொடங்கும், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் அடங்கும். வயிற்றோட்டம் கொடுக்கிற இன்னொரு முகமும் இந்தக் கிருமிக்கு உண்டு, அது இன்னும் பிந்தி வரும்.

இனித்தான் என் வயிற்றில் புளியைக் கரைத்த விஷயம். நன்றாகச் சூடாக்கினால் கிருமி சாகும். அது உண்மை. ஆனால் அது ஏற்கெனவே விட்டுவைத்த அந்த நஞ்சு சூட்டில் அழியாது. தண்ணீர் கொதிப்பது 100 பாகையில்; அழுத்தக் கலத்தில் 121 பாகை வரைக்கும் காய்ச்சினாலும் அது அசையாது என்கிறார்கள். தாச்சியும் மைக்ரோவேவும் அதை என்ன செய்துவிடப் போகின்றன? வாசம் மாறாது, ருசி மாறாது, நிறம் மாறாது. மீன் கெட்டால் மூக்குக்குத் தெரியும், தேங்காய்ப்பால் கறி கெட்டால் நாக்குக்குத் தெரியும். இது ஒன்றுக்கும் தெரியாது. எழுபதுகளில் இங்கிலாந்தில் சீன உணவகங்களில் பிரைட் ரைஸ் சாப்பிட்ட பலருக்கு இப்படி வாந்தி வந்தபோதுதான் இந்தக் கோளாறு பரவலாக அறியப்பட்டதாம். அங்கும் கதை இதேதான்: சோற்றை முதல் நாளே வடித்து, குளிரூட்டினால் கட்டிபடும் என்று வெளியில் வைத்துவிட்டு, மறுநாள் நெருப்பில் பொரித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரைட் ரைஸ் கடை வைத்திருப்பவர்கள் நம் ஊரிலும் இதைக் கொஞ்சம் யோசித்தால் நல்லது.

எங்களுக்கு வந்தது இதுதான் என்று ஆய்வுகூடத்தில் யாரும் நிரூபிக்கவில்லை. சோறு மிஞ்சவும் இல்லை, அனுப்பிப் பார்க்கவும் இல்லை. நேரத்தையும் அறிகுறியையும் வைத்து மருத்துவர் சொன்னது. அன்ரிபயோட்டிக் வேண்டாமா என்று கேட்டேன். கிருமி உடம்புக்குள் வளர்ந்து வந்த வருத்தம் இல்லை, வெளியில் சோற்றில் உண்டான நஞ்சுதான், அதற்கு அன்ரிபயோட்டிக்கால் பயனில்லை என்றார். போகிற நீரைத் திருப்பிக் கொடுப்பதுதான் வைத்தியம். மருந்துக்கடையில் ஜீவனி வாங்கி வீட்டில் வைத்திருங்கள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பும் சீனியும் கலந்த தூள் அது. பொதியில் சொன்ன அளவு கொதித்தாறிய தண்ணீரில் முழுப் பொதியையும் கரைக்க வேண்டும். அரைப் பொதி, கண் அளவு என்று விளையாடக் கூடாது. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. வாந்தி எடுத்தவருக்கு ஒரு பேணி நிறையக் கொடுத்தால் அதுவும் வந்துவிடும். சில நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி என்று பொறுமையாகக் கொடுக்க வேண்டும். சிறுநீர் போகவில்லை, நாக்கு வறண்டுவிட்டது, ஆள் சோர்ந்து தூங்கித் தூங்கி விழுகிறார், வாந்தியில் இரத்தம் தெரிகிறது என்றால் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் கொண்டுபோங்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் அதற்கு முன்னமே கொண்டுபோங்கள்.

அம்மா தேறி வீட்டுக்கு வந்த பிறகு அந்த வீட்டு அக்காவிடம் சொன்னேன். குறை சொல்லப் போகவில்லை. வேறு யாருக்கும் வந்திருந்தால் தெரியட்டும் என்றுதான் போனேன். முகம் மாறிவிட்டது. "தங்கச்சி, இந்தச் சோற்றைத்தானே நாங்கள் எல்லோரும் சாப்பிட்டோம்? வந்த சனம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உங்கள் அம்மாவுக்கு வயது போய்விட்டது, அதை எங்கள் தலையில் போடாதீர்கள்" என்றார். அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டார்கள்தான், ஆனால் பகல் பன்னிரண்டுக்கும் ஒன்றுக்கும் சாப்பிட்டார்கள். ஒரே கிடாரத்துச் சோறுதான். பகலில் அது வேறு சாப்பாடு, இரவில் அது வேறு சாப்பாடு. இதை விளங்கப்படுத்துவதற்குள் கதவு பாதி மூடிவிட்டது. பிறகு ஒழுங்கை முடக்கில் இருக்கிற ஆச்சி சொல்லித் தெரிந்தது: பந்தல் கழற்ற வந்த இளைஞர்களில் ஒருவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பொதி கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அவருக்கும் அன்றிரவு முழுக்க வாந்தி. கள்ளுக் குடித்ததால் வந்தது என்று எல்லோரும் சொல்ல, அவரும் நம்பி, மனைவியிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். ஆச்சி எங்களுக்கு வந்ததை நாவூறு என்றார். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டார். மறுக்கவில்லை, அன்போடு வந்தவர் அவர் ஒருவர்தான்.

தையலில் போனதுதான் பெரிய நட்டம். ஒரு கலியாண வீட்டுச் சட்டைகள் முழுவதும் என்னிடம் வெட்டியபடி கிடந்தன. அம்மா வாட்டில், நான் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன். பெண் வீட்டார் வந்து துணிகளை எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், கலியாணத் திகதி எனக்காக நிற்குமா? வாங்கிய முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன், நூலுக்கும் கல்லுக்கும் போட்ட காசு போனது. வரவேண்டிய கூலியோடு கணக்குப் பார்த்தால் இருபத்தெட்டாயிரம். அந்த வீட்டார் இன்னும் எனக்கு வேலை தரவில்லை. சோறு இலவசமாக வந்தது என்பதை நினைத்தால் சில வேளை எனக்கே ஆத்திரமாக வரும்.

இப்போது என் குசினியில் சோறு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் என்று தெரிந்த சோற்றைச் சாப்பிட உட்காருவதற்கு முன்னமே பிரித்துவிடுவேன். சாப்பிட்டு, கதைத்து, ஒரு நித்திரை கொண்டு எழும்பிப் பார்க்கலாம் என்றால் அதற்குள் கிருமி விருந்து முடித்துவிடும். பொதுவாக, சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்பார்கள். 32 பாகைக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணித்தியாலம்தான். எங்கள் சித்திரை, வைகாசிக்கு அந்த இரண்டாம் கணக்கைத்தான் எடுக்க வேண்டும். சோற்றுக்கென்றே தனியாக, ஒரு மணித்தியாலத்துக்குள் ஆற்றிக் குளிரூட்டுங்கள் என்று சொல்கிறார்கள். பானையோடு ஆறவிட்டால் ஓரம்தான் ஆறும், நடு மணிக்கணக்காக வெதுவெதுப்பாகவே இருக்கும். கையை நடுவில் விட்டுப் பாருங்கள், தெரியும். அகலத் தட்டத்தில் ஒரு விரல் உயரத்துக்குப் பரப்பினால் மின்விசிறிக்குக் கீழே விரைவில் ஆவி அடங்கிவிடும். உடனே மூடியுள்ள தட்டையான பெட்டிகளில் போட்டு பிரிஜ்ஜுக்குள். சூடானதை வைத்தால் பிரிஜ் பழுதாகிவிடும் என்று அம்மா இன்னும் சொல்கிறார். கொதிக்கக் கொதிக்க ஒரு பானையை வைத்தால் பக்கத்தில் இருக்கிற பாலும் சூடாகும், அது சரி. ஆவி அடங்கிய, தட்டையாகப் பரப்பிய சோற்றை வைப்பதில் ஒரு கெடுதியும் இல்லை. முழுதாகக் குளிரட்டும் என்று காத்திருப்பதில்தான் கெடுதி.

பிரிஜ்ஜில் வைத்த சோற்றை மறுநாளைக்குள் முடித்துவிடுவேன். அதற்குமேல் என்றால் கோழிக்குக்கூடப் போடுவதில்லை. சூடாக்கும்போது கொஞ்சம் தண்ணீர் தெளித்து, மூடி, நடுவிலிருந்தும் ஆவி வரும்வரை சூடாக்க வேண்டும். 74 பாகை என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஆவிதான் கணக்கு. மைக்ரோவேவ் என்றால் பாதியில் நிறுத்திக் கிளறிவிடுங்கள், அது ஓரிடம் கொதிக்கவும் ஓரிடம் குளிரவும் விடும். ஒருமுறை சூடாக்கியதை மறுபடி எடுத்து வைத்து மறுபடி சூடாக்குவது கிடையாது. ஆகவே தேவையானதை மட்டும் அள்ளிச் சூடாக்க வேண்டும். ரைஸ் குக்கரில் சோற்றைச் சூடாகவே வைத்திருக்கிற வசதி உள்ளது. அது 60 பாகைக்கு மேல் பிடித்து வைத்திருக்கும்வரை பிரச்சினை இல்லை. ஆனால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று நிறுத்திவிட்டு மூடியபடியே விட்டுவைத்தால் அது என் ரெஜிபோம் பெட்டி செய்த வேலையைத்தான் செய்யும். மின்வெட்டிலும் அதேதான். 2022 இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அந்த நாட்களில் எத்தனை வீடுகளில் எத்தனை பேருக்கு "வாயு", "பித்தம்" என்று பெயர் வைத்தார்களோ. மின்சாரம் போனால் பிரிஜ் கதவைத் திறக்காமல் இருந்தால் நாலு மணித்தியாலம் அளவுக்குக் குளிர் தாங்கும். அதற்குமேல் போனால் உள்ளே இருக்கிற சோற்றை நான் எறிந்துவிடுகிறேன், மனம் பதைத்தாலும்.

இதையெல்லாம் சொன்னால் உடனே வருகிற கேள்வி, "அப்படியென்றால் பழஞ்சோறு சாப்பிட்டு வளர்ந்த நாங்கள் எப்படி இருக்கிறோம்?" அம்மாவே கேட்டார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு. நியாயமான கேள்வி. அம்மம்மா இரவுச் சோறு முடிந்த கையோடு மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிவிடுவார், கிணற்றுத் தண்ணீர், மண்சட்டி. அதில் வேறு ஒரு கூட்டம் பக்டீரியாக்கள் வளர்ந்து புளிக்க வைக்கும், தயிரைப் புளிக்க வைக்கிற அதே இனம். புளிப்பு ஏற ஏற அந்தப் பொல்லாத கிருமிக்கு வளர்வது கடினம். ஆகவே பழஞ்சோறும் வெறுமனே மூடி வைத்த சோறும் ஒன்றில்லை. ஆனால் காலையில் வடித்து, மத்தியானம் முழுக்கக் கிடந்து, இரவில் நினைவு வந்து தண்ணீர் ஊற்றிய சோறு பழஞ்சோறு ஆகாது. நஞ்சு உண்டாகிவிட்டால் புளிப்பும் அதை அழிக்காது. நான் பழஞ்சோற்றை விடவில்லை. வெங்காயமும் பச்சை மிளகாயும் தயிரும் விட்டுப் பிசைந்து கவளமாக உருட்டித் தந்தால் இன்றைக்கும் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இரவுச் சோற்றில் உடனே தண்ணீர் ஊற்றியதாக இருந்தால் எனக்குச் சம்மதம். அம்மாவுக்கு மட்டும் கொடுப்பதில்லை, அதற்காக அவர் என்னோடு கோபம்.

கொண்டாட்டம் வைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சமையல்காரரிடம் எத்தனை வகைக் கறி என்று பேசுகிற அளவுக்கு, சோறு எத்தனை மணிக்கு இறக்குவீர்கள் என்றும் பேசுங்கள். பந்திக்கு ஒரு மணித்தியாலம் முன்பு இறக்கச் சொல்லுங்கள், இரண்டு தடவையாக வடிக்கச் சொல்லுங்கள். கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை. மிஞ்சியதை அயலுக்குக் கொடுப்பது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். கடைசிப் பந்தி எழும்பியவுடனேயே கொடுங்கள், பின்னேரம் வீடு கழுவி முடிந்த பிறகு அல்ல. கொடுக்கிற பிள்ளையிடம், வடித்த நேரத்தையும் சொல்லி அனுப்புங்கள். சொல்வதில் அவமரியாதை ஒன்றும் இல்லை. வாங்குகிற நானும் இப்போது கேட்டுவிடுகிறேன். நேரம் சரியில்லை என்று தோன்றினால் கறிகளை மட்டும் வாங்கிக் கொதிக்க வைத்து உடனே சாப்பிட்டுவிடுவோம், சோற்றைத் தொடுவதில்லை. இரண்டு பேருக்கு அரைச் சுண்டு அரிசி காணும். குக்கரில் போட்டு, கறி சூடாவதற்குள் வெந்துவிடும்.